உடல் சந்தனம், கரை அரக்கு: பெங்களூரில் ஒரு முருகன் கோயில் இணையதளத்துக்கு நிறம் தேர்ந்த விதம்

ஆடிக் கிருத்திகைக்கு நான்கு நாள் இருக்கையில், ஓர் அம்மா பால் அபிஷேகத்துக்கான 501 ரூபாயை இரண்டு முறை செலுத்திவிட்டார். முதல் முறை செலுத்தியதுமே கோயிலின் இணையதளத்தில் ‘தங்கள் அபிஷேகம் பதிவாகிவிட்டது’ என்ற வரி வந்திருக்கிறது. ஆனால் அது மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தாக வந்தது. மூக்குக்கண்ணாடியைப் பையிலிருந்து எடுக்காமல் சிவப்பை மட்டும் கண்ட அவர், வங்கிச் செயலியில் பணம் போகாதபோது வருகிற சிவப்பு அது என்று எண்ணி, பெயர், நட்சத்திரம், கோத்திரம் எல்லாவற்றையும் மறுபடி நிரப்பிப் பணத்தையும் மறுபடி அனுப்பினார். மறுநாள் அலுவலக மேசையில் அவர் பெயருக்கு இரண்டு ரசீதுகள் இருந்தன. ஒரு தொகையை நிர்வாகம் அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டது. ஆனால் கணக்குப் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டிய பொருளாளர் அம்மா, இதே போன்ற இரட்டைப் பதிவுகள் முன்பும் வந்திருப்பதைக் கண்டார். தளத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்துத்தான் அவர் என்னை அழைத்தார். போய்ப் பார்த்ததில் நிரலில் பிழை எதுவும் இல்லை. கோளாறு நிறத்தில் இருந்தது.

பகலில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் திரை வடிவமைப்பது என் தொழில். கோயில், பழைய ஆட்கள் இன்றும் ‘தண்டு’ என்று சொல்கிற கண்டோன்மென்ட் பகுதியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். இங்கே சொல்லப்போகிற குறைகள் அந்த ஒரு கோயிலுக்கு மட்டும் உரியவை அல்ல. அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாம், நான்காம் தலைமுறைத் தமிழர்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்ததால் சிலருக்குத் தமிழ் வாசிக்க வராது. எனவே தளம் மூன்று மொழிகளிலும் இருக்கிறது.

அப்போதிருந்த தளத்தை முதலில் விவரித்துவிடுகிறேன். பக்கத்தின் பின்னணி முழுவதும் பளீரென்ற மஞ்சள். அதன் மேல் சிவப்பு எழுத்து. தலைப்பில் இடமிருந்து வலமாக ஓடும் வாழ்த்து வரி, அதைச் சுற்றி மின்னும் சீரியல் பல்புப் படம். விழா அறிவிப்புகள் இராஜகோபுரப் புகைப்படத்தின் மேலேயே வெள்ளை எழுத்தில் இருந்தன. கோபுரத்தின் சுதைச் சிற்பங்களுக்கு நடுவே தேதியைத் தேடிப் பிடிக்க வேண்டும். நன்கொடைப் பொத்தான் காவி, அதில் வெள்ளை எழுத்து. இவற்றில் எதுவும் அலட்சியத்தால் வந்ததில்லை. பத்தாண்டுகளில் வெவ்வேறு தொண்டர்கள், தங்களுக்கு மங்கலம் என்று தோன்றிய நிறத்தைப் பக்தியோடு கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். பதிவு உறுதிச் செய்தியைச் சிவப்பில் வைத்தவரும், குங்குமத்தின் நிறத்தில் நல்ல சேதி சொல்ல வேண்டும் என்றே வைத்திருக்கிறார்.

நிறத்தை மாற்றுவதென்று முடிவானதும் முதல் கூட்டம் கூடியது. ஒவ்வொருவரும் ஒரு நிறத்தோடு வந்திருந்தார்கள்; ஒவ்வொன்றுக்கும் சரியான காரணம் இருந்தது. செயலாளர் சிவப்பை விட்டுக்கொடுக்க முடியாது என்றார். தொல்காப்பியம் குறிஞ்சித் தெய்வத்தைச் சேயோன் என்று சிவந்தவனாகவே சொல்கிறது என்பது அவர் வாதம். பழனிக்குப் பாதயாத்திரை போகும் இளைஞர்கள் தாங்கள் உடுத்துகிற பச்சையைக் கேட்டார்கள். குருக்கள் திருச்செந்தூரை நினைவுபடுத்தினார். அங்கே ஆவணி, மாசித் திருவிழாக்களில் ஏழாம் நாள் மாலை சண்முகர் சிவனின் அம்சமாகச் சிவப்பு சாத்தியும், எட்டாம் நாள் விடியலில் பிரம்மாவின் அம்சமாக வெள்ளை சாத்தியும், அன்று நண்பகல் திருமாலின் அம்சமாகப் பச்சை சாத்தியும் எழுந்தருளுகிறார். ஆகவே எந்த ஒரு நிறத்தையும் இவருக்குரியதல்ல என்று தள்ள நமக்கு அதிகாரமில்லை என்றார் அவர். மயிலை வைத்து ஒருவர் நீலம் கேட்டார். மஞ்சளையோ யாரும் கேட்கவே தேவையில்லை, அது ஏற்கெனவே இருக்கிறது என்ற நினைப்பில் எல்லோரும் இருந்தார்கள்.

இதற்குள் ஊரின் பொருள்களும் வந்து சேர்ந்தன. மேலே மஞ்சளும் கீழே சிவப்புமாகத் தலைப்பை ஒரு மாதிரி வரைந்து காட்டினேன். பார்த்தவுடன், “தம்பி, இது நவம்பர் ஒண்ணாந்தேதி ஆட்டோவுல கட்டுற கொடி ஆச்சே” என்றார் தலைவர் ஐயா. அவர் சொன்னது சரி. 1960களில் மா. ராமமூர்த்தி வடிவமைத்த கன்னடக் கொடி அதே அடுக்கில்தான் இருக்கிறது. மஞ்சள் மஞ்சளையும் சிவப்பு குங்குமத்தையும் குறிப்பதாக இங்கே குழந்தைக்கும் தெரியும். நமக்கு மங்கலமாக இருக்கிற அதே மஞ்சளும் குங்குமமும்தான் அவர்களுக்கும் என்பது உண்மையில் மகிழத் தக்கது. ஆனாலும் ஒரு தமிழ்க் கோயிலின் தளத்தில் அந்த அடுக்கு அப்படியே இருந்தால், ஒரு பக்கம் அதைப் பணிவு என்றும் மறுபக்கம் அதைத் தற்காப்பு என்றும் படிப்பார்கள். முருகன் கோயில் என்று படிக்க ஆள் இருக்காது. சிவப்போடு கறுப்பைச் சேர்த்தால் சென்னைக் கட்சிக் கொடி, காவியை நிறையப் போட்டால் தில்லிக் கட்சிக் கொடி என்று பேச்சு போயிற்று. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களும் காவிதான் உடுத்துகிறார்கள் என்று நான் சொன்னதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. பக்கம் முழுக்க மஞ்சளாக இருக்கட்டும் என்று ஒருவர் முடிக்கப் பார்த்தபோது, “ஊருக்கே மஞ்சக் கடுதாசி கொடுத்த மாதிரி இருக்குமே” என்று பொருளாளர் அம்மா சொல்லிவிட, கூட்டம் சிரிப்போடு கலைந்தது.

அந்த மாலை எனக்கு ஒன்று விளங்கியது. பொருளை வைத்து நிறத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது; ஏனெனில் எல்லா நிறத்துக்கும் பொருள் இருக்கிறது, அதிலும் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. எந்த நிறம் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, எந்த நிறம் எவ்வளவு, எந்த இடத்தில் என்று கேட்கத் தொடங்கினேன்.

அதற்காகச் சாயரட்சை நேரத்தில் சன்னதி முன் போய் நின்று, வேண்டுதல் ஏதுமின்றி, நிறத்தை மட்டும் பார்த்தேன். வழக்கமாக நாம் அங்கே ‘ஒரே வண்ணமயம்’ என்று நினைத்துக்கொண்டு திரும்புகிறோம். உண்மையில் கண்ணுக்கு முன் இருப்பதில் பெரும்பகுதி இருட்டும், எண்ணெய்ப் பிசுக்கேறிய கருங்கல்லும். அதற்கு நடுவே நெற்றியில் மூன்று விரல் அகலத்துக்கு வெண்ணீறு, அதன் நடுவே சுண்டுவிரல் நுனியளவு குங்குமம், இடுப்பில் ஒரு முழம் பட்டு, தோளில் ஒரு சரம் செவ்வரளி. விளக்கொளியில் அந்தச் சிறு அளவுகளே மனத்தை நிறைக்கின்றன. வெளியே மதிலில் பூசிய காவிப் பட்டைக்கும் இதே கணக்குதான்: பட்டைக்குப் பட்டை வெள்ளை இருப்பதால்தான் காவி காவியாகத் தெரிகிறது. இணையதளத்திலோ குங்குமத்தைச் சுவர் முழுக்கப் பூசிவிட்டு, மஞ்சளைத் தரை முழுக்கக் கொட்டியிருந்தோம். போதாக்குறைக்கு, கல் விளக்கின் ஒளியை வாங்கிக் காட்டுகிறது; கைபேசித் திரையோ தானே எரிகிறது. முழு மஞ்சள் திரையை இருட்டறையில் திறந்தால் முகத்தில் டார்ச் அடித்தாற்போல் இருக்கும்.

அளந்து பார்த்ததும் இதையே சொன்னது. இணையத்துக்கான உலகத் தர அமைப்பான டபிள்யூ3சி 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட டபிள்யூசிஏஜி 2.0 நெறிகள், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாட்டை ஒரு விகிதமாக அளக்கின்றன. வெள்ளையில் கறுப்பு எழுத்தென்றால் 21. ஒரே நிறத்தின் மேல் அதே நிறம் என்றால் 1. வழக்கமான அளவுள்ள எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும், பெரிய எழுத்துக்கு 3 போதும். கண் ஒளிர்வை உணர்வதில் மூன்று முதன்மை ஒளிகளுக்கும் சம பங்கு இல்லை: இந்தக் கணக்கில் பச்சைக்கு ஏறக்குறைய 72 விழுக்காடு, சிவப்புக்கு 21, நீலத்துக்கு 7. திரையின் மஞ்சள் என்பது முழுச் சிவப்பும் முழுப் பச்சையும் சேர்ந்தது என்பதால் அது வெள்ளைக்கு மிக நெருக்கமான ஒளிர்வுடையது. வெள்ளைமேல் மஞ்சள் எழுத்தின் விகிதம் 1.07தான். நம் பழைய தளத்தின் மஞ்சள்மேல் சிவப்பு 3.7. காவிப் பொத்தானுக்கு, தேசியக் கொடியின் காவியாகத் திரையில் வழக்கமாக இடப்படும் சிவப்பு 255, பச்சை 153, நீலம் 51 என்ற கலவையை (ஒவ்வொரு ஒளியின் அளவும் 0 முதல் 255 வரை) எடுத்திருந்தார்கள். அதன் மேல் வெள்ளை எழுத்து 2.1. நன்கொடை கேட்கிற பொத்தான்தான் தளத்திலேயே வாசிக்கக் கடினமானதாக இருந்தது என்று கணக்கைக் காட்டியபோது பொருளாளர் அம்மா என் நோட்டை வாங்கித் தானே ஒரு முறை படித்துப் பார்த்தார்.

தமிழ் எழுத்துக்கு இந்த விகிதம் இன்னும் கறாராக வேண்டும் என்பது என் கருத்து. ஆங்கிலச் சொல்லில் ஒரு கோடு மங்கினாலும் சொல்லின் வடிவத்தை வைத்து ஊகிக்கலாம். தமிழில் முதலில் மறைவது புள்ளி. மெல்லிய எழுத்துருவில், சிறிய அளவில், மஞ்சள்மேல் சிவப்பாக இருந்த கட்டணப் பட்டியலில் ‘பால்’ ‘பால’ ஆகியிருந்தது, ‘நெய்’ ‘நெய’ ஆகியிருந்தது. கன்னடப் பக்கத்தில், எழுத்தின் கீழே சிறிதாக வரும் கூட்டெழுத்து வடிவங்களான ஒத்துகளும் இதேபோல் ஒட்டிக்கொண்டன. தமிழ் வாசிக்கப் பழகாத பேரப்பிள்ளைகள் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்கிறவர்கள். புள்ளி போய்விட்டால் அவர்களுக்குச் சொல்லே போய்விடும்.

அடுத்த கூட்டத்தில் நடந்ததை, இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் உபயோகமான பாடம் என்று சொல்வேன். தலைவர் ஐயாவுக்கு அப்போதுதான் வலக் கண்ணில் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. இடக் கண் பாக்கி. மடிக்கணினியில் இரண்டு மாதிரிகளைத் திறந்து வைத்து, பின்னணி தூய வெள்ளையா சந்தன நிறமா என்று கேட்டேன். அவர் கைக்குட்டையால் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தார். அறுவை முடிந்த கண்ணுக்கு வெள்ளை, நீலம் போட்ட வேட்டி போல ஜில்லென்று இருக்கிறது. மற்றக் கண்ணுக்கு அதே வெள்ளை பழைய சுண்ணாம்புச் சுவர் மாதிரி இருக்கிறது என்றார். சந்தன நிறத்தையும் தூய வெள்ளையையும் இடக் கண்ணால் அவரால் பிரித்தே சொல்ல முடியவில்லை. வயது ஏற ஏற விழிவில்லை மஞ்சளித்து நீல ஒளியைத் தடுக்கிறது என்று நான் படித்திருந்தேன். ஒரே முகத்தில் இரண்டு வயதுக் கண்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுச் சொல்ல ஓர் ஆள் கிடைப்பார் என்று எதிர்பார்க்கவில்லை. அடர்நீலத்தில் எழுதிய இணைப்புகளைக் கறுப்பு எழுத்திலிருந்து அவருடைய இடக் கண் பிரிக்கவே இல்லை. கோயில் தளத்தைத் திறக்கிறவர்களில் எத்தனை பேர் அந்த இடக் கண்ணோடு வருகிறார்கள் என்பதை நான் எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை. வியாழக்கிழமை மாலை மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தாலே தெரியும்.

மயில் நீலம் கேட்டவரின் மாதிரியும் அன்றே விழுந்தது. நீலப் பின்னணியில் சிவப்புத் தலைப்பு வேண்டும் என்பது அவர் ஆசை. கண்ணின் வில்லை சிவப்பையும் நீலத்தையும் ஒரே ஆழத்தில் குவிப்பதில்லை. அதனால் அந்த இரண்டும் முழு அடர்த்தியோடு அருகருகே வந்தால் எழுத்து திரையிலிருந்து மிதந்து முன்னே வருவது போல் பலருக்குத் தோன்றும். கேட்டவரே இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுத் தலை சுற்றுகிறது என்றார்.

நிறங்களின் பெயரால்தான் இறுதியில் உடன்பாடு வந்தது. நான் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன்; யாருக்கும் பிடிபடவில்லை. பொருளாளர் அம்மா சிக்பேட்டையில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் முப்பது ஆண்டு கணக்கு எழுதியவர். அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, “இது மெரூன் இல்ல தம்பி, அரக்கு. இது மாம்பழ மஞ்சள். இந்த நீலத்த எடுத்துட்டு மயில்கழுத்து போடு” என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார். பிறகு, எல்லா நிறமும் வேண்டும் என்றால் புடவை நெய்கிற மாதிரி நெய்யேன் என்றார்: உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், முந்தானையில் வேண்டிய வேலைப்பாடு. உடலிலேயே எல்லா நிறத்தையும் கொட்டினால் அது புடவை இல்லை, ஜமுக்காளம்.

நான் வாரக் கணக்கில் சொல்ல முயன்றது இதைத்தான். என் தொழிலில் முதன்மை நிறம், துணை நிறம், அழுத்த நிறம் என்று சொல்லிக்கொண்டிருப்போம். அந்தச் சொற்களைக் கேட்டு ஒரு கமிட்டியும் தலையாட்டியதில்லை. உடல், கரை, முந்தானை என்றதும் எல்லோருக்கும் அளவு உட்பட விளங்கிவிட்டது. எவ்வளவு அகலக் கரை வேண்டும் என்று விவாதிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அதன்படி உடலுக்குச் சந்தன நிறம் எடுத்தோம்: சிவப்பு 255, பச்சை 248, நீலம் 231. எழுத்துக்குக் கறுப்பு கூடாது என்று செயலாளர் உறுதியாக இருந்தார். கறுப்பு எழுத்தும் வெள்ளைத் தாளும் சந்து முனையில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலியை நினைவூட்டுகிறது என்பது அவர் மனத்தடை; அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை, ஏனெனில் பார்க்கிறவர்களிலும் பாதிப் பேருக்கு அதே நினைவு வரும். வறுத்த காப்பிக்கொட்டையின் நிறத்தில், 62, 39, 35 என்ற கலவையை வைத்தோம். சந்தன நிறத்தின் மேல் அதன் விகிதம் 13. கறுப்பு இல்லை என்ற மன நிறைவும் கிடைத்தது, வாசிப்பில் இழப்பும் இல்லை. கரைக்கு 128, 0, 0 என்ற அரக்கு: தலைப்புப் பட்டை, அடிப்பட்டை, பகுதித் தலைப்புகள், பொத்தான்கள். சந்தனத்தின் மேல் அது 10.3 வருகிறது. அரக்கின் மேல் மாம்பழ மஞ்சளில் கோயில் பெயரை எழுதினால் 6.7, அதே மஞ்சளைச் சந்தனத்தின் மேல் வைத்தால் 1.5தான். எனவே மஞ்சள் அரக்கின் மேல் மட்டுமே எழுத்தாக வரலாம், மற்ற இடங்களில் கோடாகவும் கோலமாகவும் மட்டுமே வரலாம் என்று ஒரு விதியை எழுதி வைத்தேன். மயில்கழுத்து நிறம் இணைப்புகளுக்குப் போயிற்று. அவற்றுக்கு அடிக்கோடும் உண்டு, தலைவர் ஐயாவின் இடக் கண்ணுக்காக.

மஞ்சளை மிகவும் குறைத்துவிட்டோமே என்ற வருத்தம் செயலாளருக்கு இருந்தது. கல்யாணப் பத்திரிகையை வாசிக்கக் கொடுக்கும் முன் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுகிறோம், எழுத்தின் மேல் தடவுவதில்லையே என்று குருக்கள் சொன்னார். அப்படியே, ஒவ்வொரு அறிவிப்புப் பெட்டியின் நான்கு மூலைகளிலும் விரலால் தொட்டாற்போல் மஞ்சள் வைத்தேன். தளத்தில் அதிகப் பாராட்டு வாங்கியது அந்த மூலைதான். அதற்கு எனக்குப் பிடித்த நேரம் இருபது நிமிடம்.

இனி முதலில் சொன்ன இரட்டைப் பணத்துக்கு வருகிறேன். தளத்தின் கரையே அரக்காக இருக்கும்போது, தவறு நேர்ந்ததைச் சொல்லவும் சிவப்பையே நம்பியிருப்பது ஆகாது. மங்கலத்தின் சிவப்பையும் எச்சரிக்கையின் சிவப்பையும் ஒரே பக்கத்தில் வைத்துவிட்டு, பார்க்கிறவர் பிரித்துக்கொள்வார் என்று எதிர்பார்க்க முடியாது. சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாத ஆண்களும் கணிசமாக இருக்கிறார்கள். நிறத்தை மட்டுமே வைத்து ஒரு செய்தியைச் சொல்லக் கூடாது என்பது டபிள்யூசிஏஜியிலும் ஒரு விதி. எனவே பதிவு முடிந்தால் வாழையிலைப் பச்சையில் ஒரு பட்டை, அதில் சரிக்குறி, ‘பணம் வந்து சேர்ந்தது. மறுபடி செலுத்த வேண்டாம்’ என்ற வரி, ரசீது எண். முடியாவிட்டால் காப்பிக்கொட்டை நிறக் கட்டத்துக்குள் பெருக்கல் குறி, ‘பணம் வரவில்லை’ என்ற வரி. அந்த ‘மறுபடி செலுத்த வேண்டாம்’ என்ற சொற்றொடர், உள்ளபடியே எந்த நிறத்தையும் விட அதிக வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். நிற ஆய்வில் இதை ஒப்புக்கொள்வது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. இரண்டு முறை செலுத்திய அம்மாவையே அழைத்து, கண்ணாடி போடாமல் பார்க்கச் சொன்னோம். தூரத்தில் பிடித்து, “பச்சை, டிக்கு, சரியாப் போச்சு” என்றார்.

நாள்காட்டியில் நான் முதலில் சறுக்கினேன். சஷ்டிக்கு ஒரு நிறம், கிருத்திகைக்கு ஒரு நிறம், அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷத்துக்கு ஒவ்வொன்று என்று ஐந்து வண்ணப் புள்ளிகள் வைத்து, கீழே விளக்கமும் கொடுத்தேன். ஒருவரும் அந்த விளக்கத்தைப் படிக்கவில்லை. மடப்பள்ளிச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தபோது என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது: அமாவாசைக்கு நிரம்பிய கறுப்பு வட்டம், பௌர்ணமிக்கு வெற்று வட்டம், ஞாயிறும் விடுமுறையும் சிவப்பு எண். நிறம் தெரியாதவருக்கும், எழுத்து தெரியாதவருக்கும் புரிகிற முறை ஆணியில் தொங்கிக்கொண்டிருக்க, நான் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். வட்டங்களை அப்படியே எடுத்துக்கொண்டு, கிருத்திகைக்கு வேல், சஷ்டிக்கு அறுகோணம், பிரதோஷத்துக்குப் பிறை என்று வடிவங்களை வைத்தேன். எல்லாம் ஒரே அரக்கு நிறம்.

உண்டியல் கட்டம் என்று எல்லோரும் அழைக்கிற யூபிஐ க்யூஆர் கோடும் தொல்லை கொடுத்தது. யாரோ அதை அரக்குப் பின்னணியில் பொன்னிறக் கட்டங்களாக மாற்றி அழகுபடுத்தியிருந்தார்கள். க்யூஆர் கோடு வெளிர் பின்னணியில் அடர் கட்டங்களாக இருக்க வேண்டும். தலைகீழாக்கினால் சில செயலிகள் படிக்கும், சில படிக்காது. சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடமும் வேண்டும், அந்த இடத்தில் மாவிலைத் தோரணம் வரைந்திருந்தார்கள். வெள்ளையில் கறுப்பு என்று மாற்றினேன். தளத்தில் தூய கறுப்பு அந்த ஒரு சதுரத்தில் மட்டும் இருக்கிறது. செயலாளர் அதற்குச் சம்மதித்தார், பணம் வருகிற இடம் என்பதால் இருக்கலாம்.

முந்தானைக்கு வருவோம். முகப்பின் உச்சியில் ஒரு பட்டையை மட்டும் நாளுக்கேற்ப மாறும்படி விட்டிருக்கிறேன். கந்த சஷ்டி ஆறு நாளும் அதில் சிவப்பு, தைப்பூசத்துக்குப் பச்சை, பங்குனி உத்திரத்துக்கு வெள்ளையும் மாம்பழ மஞ்சளும். முதல் கூட்டத்தில் கேட்ட நிறங்கள் எல்லாம் ஆண்டில் ஒரு முறையாவது அங்கே வந்துபோகும். கத்தோலிக்க ஆலயங்களுக்கு இந்த வேலை மிக எளிது: தவக்காலத்துக்கு ஊதா, கிறிஸ்து பிறப்புக்கும் உயிர்ப்புக்கும் வெள்ளை, பெந்தெகொஸ்தேக்குச் சிவப்பு, பொதுக்காலத்துக்குப் பச்சை என்று வழிபாட்டு ஆண்டே நிறப்பட்டியலைக் கையில் கொடுத்துவிடுகிறது. நமக்குக் கோயிலுக்குக் கோயில், ஆளுக்கு ஆள் மாறும். அதனால் பட்டியலைக் குருக்களிடமே ஒப்படைத்து, மாற்றுகிற வசதியையும் அவர் கைபேசியில் கொடுத்துவிட்டேன். எழுத்தின் நிறத்தை மட்டும் அவரால் மாற்ற முடியாது.

தீராமல் நிற்பது டார்க் மோட். சில கைபேசிகள் இரவில் தாமாகவே பின்னணியைக் கருமையாக்கிவிடுகின்றன. அப்போது சந்தன உடல் சேற்று நிறமாகிறது, பின்னணி இல்லாமல் வைத்திருந்த அரக்கு வேல் சின்னம் இருட்டில் கரைந்துவிடுகிறது. டார்க் மோடுக்கென்று தனியாக ஒரு பட்டியல் எழுதி, கருங்கல் நிறத்தில் வெண்ணீற்று வெள்ளை எழுத்தும், வேலுக்கு மாம்பழ மஞ்சளும் கொடுத்துப் பார்த்தேன். கருவறையை நினைவூட்டுவதால் எனக்கு அது பகல் தளத்தைவிடவும் பிடித்திருந்தது. கமிட்டி அதைக் காணவே மறுத்துவிட்டது: முழுக் கறுப்பில் கோயில் பக்கம் இருக்கக் கூடாதாம். மூலவரே கருங்கல்தானே என்று கேட்டதற்கு, “அது கல்லு தம்பி, கலர் இல்ல” என்றார் செயலாளர். அரக்கையே இன்னும் ஆழமாக்கிப் பின்னணியாக வைக்க முடியுமா என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தலைவர் ஐயாவின் இடக் கண்ணுக்குத் தை மாதம் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அது முடியும்வரை சந்தன நிறத்தை முடிவானதாக எழுதி வைக்க வேண்டாம், இரண்டு கண்ணாலும் ஒரு முறை பார்த்துச் சொல்கிறேன் என்று போன வாரம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார்.